நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய்வழியே மருந்தும் ஈயக் குண்டுகளும் இட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடப்படும் வேட்டைக் கருவி ஆகும். கடலூர், சிதம்பரம் பகுதி நரிக்குறவர்கள் இதனைப் பறவை வேட்டைக்குப் பயன்படுத்தி வந்தனர்.

இதற்குரியது வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த கரிமருந்து மட்டுமே. 1884-இல் பிரான்சில் பால் வியேய் உருவாக்கிய புகையற்ற மருந்து தோட்டாக்களுக்கு உரியது. அதனைக் கரிமருந்தின் அளவிலேயே இட்டால் அழுத்தம் பன்மடங்காகிக் குழல் வெடிக்கும். சுடுபவர் கையையோ கண்ணையோ இழக்க நேரிடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விடுவதும் ஆபத்தே. எனவே எளிய கம்பியே இங்கு முதன்மையான துணைக்கருவி. கரிமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்ப்பதால், கடலோரத்தில் குழல் விரைவில் துருப்பிடிக்கும்.

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி இதற்கு உரிமம் தேவை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டைத் தொழில் நலிந்து, ஊசி, பாசிமணி விற்பனையே நரிக்குறவர் பலருக்கு வாழ்வாதாரமாயிற்று.