எட்டுப் பேர் இழுத்தால் எத்தனை ஆள் பலம்?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேரோட்டத்தன்று வடம் பிடிப்பவர்களைச் சற்று உற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். சிலர் காலை ஊன்றி, உடலைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். வேறு சிலருடைய கை மட்டும் வடத்தின்மேல் இருக்கும். நூறு பேர் பிடித்த வடத்தில் நூறு பேருடைய பலமும் உண்டா? வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வி, அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் ஆய்வகத்திலும் கூடி உழைக்கும் எல்லோருக்கும் உரியது. இதை விஞ்ஞானிகள் அளந்து பார்த்த வரலாற்றைக் காண்போம்.

கயிறும் விசைமானியும்

பிரான்ஸ் நாட்டில் மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற வேளாண் பொறியியல் பேராசிரியர் இருந்தார். மனிதனும் விலங்கும் எந்திரமும் எவ்வளவு வேலை செய்ய இயலும் என்பதை அளப்பது அவருடைய பணி. ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் பளுவை இழுக்கச் செய்து, விசைமானியால் அளந்தார். 1880-களில் செய்த இச்சோதனைகளின் முடிவுகளை 1913-இல் வெளியிட்டார்.

தனியாள் ஒருவரின் விசையை 100 என்று வைத்துக்கொள்வோம். அவர் தந்த பட்டியலின்படி, இருவர் சேர்ந்தால் ஆளுக்கு 93; மூவரானால் 85; நால்வரானால் 77; எட்டுப் பேரானால் ஆளுக்கு 49. அதாவது எட்டுப் பேர் கூடி இழுத்தால் கிடைப்பது ஏறத்தாழ நான்கு ஆள் பலமே! இன்னொரு விந்தையும் உண்டு. ஏழு பேரானால் ஆளுக்கு 56. ஏழை 56-ஆல் பெருக்கினால் 392. எட்டை 49-ஆல் பெருக்கினாலும் அதே 392. எட்டாவது ஆள் வந்ததனால் இம்மியும் கூடவில்லை.

குறைந்த விசை எங்கே போயிற்று? ஒரு பகுதிக்கு இயற்பியலே விடை தரும். விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. பத்து நியூட்டன் விசைகள் இரண்டு, 60 பாகைக் கோணத்தில் செயற்பட்டால் தொகுபயன் 20 அன்று, 17.3 நியூட்டன்தான். திசை மாறினாலும், ஒரே கணத்தில் இழுக்கத் தவறினாலும் நட்டம் உண்டு. இது ஒருங்கிணைப்பு நட்டம்.

ஆனால் அது மட்டுந்தானா? 1974-இல் அமெரிக்காவில் ஆலன் இங்காம் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு தந்திரம் செய்தார்கள். இழுப்பவரின் கண்ணைக் கட்டி, அவரைக் கயிற்றின் முன்வரிசையில் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். உண்மையில் இழுப்பவர் ஒருவரே ஆதலால் ஒருங்கிணைப்பு நட்டத்திற்கு இடமில்லை. எனினும், பின்னால் இருவர் இழுப்பதாக நம்பியபோது அவருடைய விசை ஏறத்தாழ 85 சதவீதமாகக் குறைந்தது. அவர் ஏமாற்ற எண்ணவில்லை; தாம் குறைத்ததை அவரே அறியமாட்டார்.

1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் ஆகிய மூவர் கை தட்டவும் கூச்சலிடவும் செய்து ஒலியை அளந்தார்கள். அங்கும் இதே கதைதான். அவர்களே 1981-இல் செய்த மற்றொரு சோதனை இதற்கு மருந்தையும் காட்டியது. ஒவ்வொருவருடைய ஒலியும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தவுடன், கூட்டத்திலும் அவரவர் முழுக்குரலில் கத்தினார்கள். தம் பங்கு எது என்று தெரியும்போது மனிதன் பின்வாங்குவதில்லை.

கூட்டம் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்பவர், படகோட்டிகள் இருவரை ஒரே பளுவைச் சேர்ந்து தூக்கச் செய்தார். ஒருவர் ஓய்ந்தால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் வலிமை குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட நீண்ட நேரம் தாங்கினார். தம்மை ஒருவர் நம்பியிருக்கிறார் என்ற எண்ணமே அவருக்குப் பலமாயிற்று.

இழைகள் பெருகும் கணக்கு

ஆள் கூடக்கூட வேறொரு செலவும் ஏறுகிறது. மூவர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள மூன்று இணைப்புகள் போதும். ஆறு பேரானால் 15. பன்னிரண்டு பேரானால் 66. ஆட்கள் இரு மடங்கானால் இணைப்புகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய கணிப்பொறித் திட்டமொன்றை நடத்திய பிரடெரிக் புரூக்ஸ், 1975-இல் எழுதிய நூலில் இக்கணக்கைச் சுட்டிக்காட்டினார். தாமதமான மென்பொருள் வேலைக்குப் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் தாமதம் மேலும் கூடும் என்பது அவர் கண்ட முடிவு. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டுமல்லவா?

மறுக்கத் தெரியாதவர்

இதுவரை கண்டது கயிற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்பவரின் கதை. எல்லாக் கயிறுகளையும் தாமே பிடித்து இழுப்பவரின் கதை வேறு. அதை நான் அறிவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கல்லூரியில் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இளங்கலை இறுதியாண்டு மாணவர் 46 பேருடைய ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. அதே மாதத்தில் ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு வந்தது. சரி என்றேன். முகாம் கணக்கு எழுதவேண்டும் என்றார்கள். சரி என்றேன். விடுப்பில் சென்ற நண்பரின் வகுப்பையும் ஏற்றேன். 'அவரிடம் கேட்டால் மறுக்கவே மாட்டார்' என்று பெயர் வாங்கினேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, பாதி நோட்டுகள் என் மேசையில் அப்படியே இருந்தன. மாணவர்கள் தாழ்வாரத்தில் காத்து நின்றார்கள். இருட்டிய பிறகும் நின்றார்கள். வெளியூர் மாணவர் இருவர் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டார்கள். "பரவாயில்லை சார்" என்று அவர்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று இரவு கதவைப் பூட்டிய மூத்த ஆய்வக உதவியாளர் மெல்லச் சொன்னார்: "எல்லாருக்கும் சரின்னு சொன்னீங்க சார். இந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் சொல்லாமலேயே இல்லைன்னுட்டீங்க."

அவர் சொன்னதற்குக் கணிதமே சான்று. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய கணித அறிஞர் எர்லாங், 1909-இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வரிசைக் கோட்பாடு என்னும் துறை அங்கிருந்து வளர்ந்தது. வேலைகள் முன்னறிவிப்பின்றி வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் வேறுபடுகிறது, செய்பவர் ஒருவரே. இந்நிலையில் ஒரு வேலை வந்து சேர்ந்தது முதல் முடியும் வரை ஆகும் சராசரி நேரத்தை அறிய எளிய விதி ஒன்று உண்டு. ஒரு வேலைக்குரிய சராசரி நேரத்தை, அவருடைய ஓய்வு நேரத்தின் பங்கினால் வகுக்க வேண்டும்.

ஒரு வேலைக்குச் சராசரி 15 நிமிடம் என்போம். நேரத்தில் 50 சதவீதம் வேலையிலிருப்பவரிடம் அது முடிய 30 நிமிடமாகும். 80 சதவீதமானால் 75 நிமிடம். 90 சதவீதமானால் இரண்டரை மணி. 95 சதவீதமானால் ஐந்து மணி! 90-க்கும் 95-க்கும் இடையே நாம் கூடுதலாக ஏற்றது சிறிதளவே. காத்திருப்பவரோ இரு மடங்கு நேரம் நிற்கிறார். 100 சதவீதத்தை எட்டினால் வகுக்கும் எண் சுழியாகிறது. வரிசை முடிவின்றி நீள்கிறது.

ஆகவே கடைசியாகச் சொல்லும் ஒரு 'சரி', முன்பே வாக்குக் கொடுத்தவர்களின் நேரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

எல்லை எதற்கு?

பாலத்தின் முகப்பில் இத்தனை டன்னுக்கு மேற்பட்ட வண்டி செல்லக் கூடாது என்று பலகை வைக்கிறோம். அது பாலத்தின் சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை. நாளையும் வண்டிகள் போகவேண்டும் என்பதற்காகவே அந்தப் பலகை. வேலையில் நாம் வகுத்துக்கொள்ளும் எல்லையும் அத்தகையதே.

மேற்கண்ட சோதனைகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில. கூட்டு வேலையில் யாருக்கு எந்தப் பங்கு என்று முதலிலேயே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும். குழு பெரிதானால் சிறு சிறு குழுக்களாகப் பிரிய வேண்டும். எதிர்பாராமல் வரும் வேலைக்கென்று நாளில் ஒரு பகுதியைக் காலியாக வைக்க வேண்டும். மறுக்க நேர்ந்தால் காலத்தோடு மறுக்க வேண்டும். "இன்று இயலாது, வெள்ளிக்கிழமை முடித்துத் தருகிறேன்" என்பதும் ஒரு வாக்குறுதியே.

மேலதிகாரி சொன்னதை மறுப்பது எளிதா என்று கேட்கலாம். எளிதன்று. அதற்கு அடுத்த ஆண்டு நான் கையிலிருந்த வேலைகளை ஒரு தாளில் தேதியோடு எழுதித் துறைத்தலைவரிடம் காட்டி, "புதியதை ஏற்கிறேன் ஐயா, இதில் எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கிப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார். அவ்வாண்டு செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், நான்கு மணிக்கே என் மேசை காலியாகிவிட்டது. மாணவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே பேருந்து ஏறினார்கள்.

அடுத்த முறை வடம் பிடிக்கும்போது, நீங்கள் எத்தனையாவது ஆள் என்று எண்ணிப் பாருங்கள். கையிலுள்ள வடத்தை முழு விசையோடு இழுங்கள். அதற்கு முன், உங்கள் கையில் எத்தனை வடங்கள் இருக்கின்றன என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.