ஆறு வாரக் கெடு

தாத்தாவுக்குக் கண்புரை என்றால், அறுவடை முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும் பெரும்பாலும் கெடுதல் இல்லை. புரையை எடுத்ததும் பார்வை திரும்பிவிடும். பிறவியிலேயே கண்புரையோடு வரும் குழந்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்தாயிரம் பிரசவங்களில் ஒரு சில குழந்தைகளுக்கே வருகிற கோளாறுதான். ஆனால் வந்துவிட்டால் வாரங்களை எண்ணித்தான் சிகிச்சை செய்தாக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் மூளை. பிறந்த குழந்தைக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். விழித்திரையில் தெளிவான பிம்பம் விழ விழத்தான் மூளையில் பார்வைக்கான நரம்பு இணைப்புகள் சீராகும். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கண் அனுப்பிய செய்தியை வாங்கிக்கொள்ள மூளையில் செல்கள் அநேகமாக இல்லை; திறந்திருந்த கண் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைகளுக்கு இதே போல் செய்தபோது பாதிப்பு ஏற்படவில்லை. பார்வை பற்றிய இவர்களது ஆய்வுகளுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருத்துவர்கள் கெடு வைப்பது இதனால்தான். அடர்த்தியான புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் சுமார் ஆறு வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் இருந்தால் எட்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. சிறு புள்ளியாக இருக்கும் புரையைக் கண்காணித்து வந்தாலே போதும். ஒற்றைக் கண் புரைதான் பொல்லாதது. குழந்தை நல்ல கண்ணை வைத்து முகம் பார்க்கும், சிரிக்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது.

அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். குழந்தையின் லென்ஸ் மிருதுவானது. சிறு துளை வழியே உறிஞ்சி எடுத்துவிடலாம். லென்ஸின் பின்பக்க உறையை அப்படியே விட்டால் அதன்மேல் சீக்கிரமே மறுபடி வெண்மை படரும். எனவே அதில் வட்டமாக ஒரு திறப்பு வெட்டி, அதை ஒட்டிய விழிக்கூழிலும் கொஞ்சம் நீக்கிவிடுகிறார்கள்.

உடனே செயற்கை லென்ஸ் வைத்துவிடலாமே? பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாகச் சுமார் 17 மி.மீ. நீளம், பெரியவர்களுக்கு 24 மி.மீ. வளரும் கண்ணுக்கு இன்று பொருந்தும் பவர் அடுத்த வருடம் பொருந்தாது. அமெரிக்காவில் ஒரு கண்ணில் புரை இருந்த 114 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உள்ளே லென்ஸும் மற்றதற்கு காண்டாக்ட் லென்ஸும் கொடுத்துப் பார்த்தார்கள். நாலரை வயதில் பார்வையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கு மறு அறுவை சிகிச்சைதான் அதிகம் தேவைப்பட்டது. ஆகவே கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காண்டாக்ட் லென்ஸோ தடித்த கண்ணாடியோதான். உள்ளே வைப்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை தொடங்குகிறது. பின்தங்கிய கண்ணை மூளை ஏற்றுக்கொள்ள, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்போட்டு மூட வேண்டும். குழந்தை அழும், பிய்த்து எறியும். அம்மா மறுபடி ஒட்டுவார். இது வருடக்கணக்கில் நீளும். அறுவை சிகிச்சை கச்சிதமாக முடிந்தும், ஒட்டை விட்டுவிட்டதால் சோம்பேறிக் கண்ணாகவே நின்றுவிடுவது உண்டு. இந்தப் பெற்றோருக்குப் பக்கத்தில் நின்று தெம்பு சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான் என்பேன். கண் நீர் அழுத்த நோய் பல வருடம் கழித்தும் வரக்கூடும் என்பதால் பரிசோதனையை ஆயுள் முழுக்க விடக்கூடாது.

பல குழந்தைகளுக்குப் புரை வந்ததற்குக் காரணமே தெரிவதில்லை. சிலருக்குப் பரம்பரை. தடுக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு: ருபெல்லா. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு வரும் இந்தச் சாதாரணக் காய்ச்சல் சிசுவின் கண்ணைக் கெடுக்கும் என்பதை 1941இல் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டுசொன்னார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், கண்புரை இருந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் காரணம் ருபெல்லாதான். 2017இல் தமிழகத்தில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் பின்வாங்கியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் அரசு மருத்துவமனையில் இந்தத் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

புரையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு ஆப்தல்மாஸ்கோப் என்ற கண் பார்க்கும் சிறு கருவியின் வெளிச்சத்தைக் கண்ணில் காட்டினால் கண்பாப்பா செம்மஞ்சளாக ஒளிர வேண்டும். கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரிந்தால் கோளாறு. ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்தாலும் சந்தேகப்பட வேண்டும். விழித்திரைப் புற்றுநோய்க்கும் இதே அடையாளம்தான். அப்போது கண்ணில் தாய்ப்பால் பீச்சிவிட்டு, ‘மொட்டை போட்டு காது குத்தியதும் பார்க்கலாம்’ என்று காத்திருக்காதீர்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம், “கண்ணில் வெளிச்சம் காட்டிப் பார்த்துவிட்டீர்களா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.