ஒன்பது திரைகளில் ஒரு பாட்டு

பல்திரை நிறுவல் என்பது ஒரே படைப்பைப் பல திரைகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அந்தத் திரைகளுக்கு நடுவே பார்வையாளரை நடமாட விடும் கலைவடிவம். வரிசை இருக்கைகள் கிடையாது. படம் முடிந்ததும் தானாகவே மறுபடி தொடங்கிவிடும். வந்தவர் எந்த நேரத்திலும் உள்ளே நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். இவ்வகைப் படைப்புகளில் இன்று அதிகம் பேசப்படுவது ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் கியார்டன்சனின் ‘தி விசிட்டர்ஸ்’. 2012இல் உருவான இதில் இருப்பது ஒன்பது திரைகள், ஒரு பாட்டு, 64 நிமிடம்.

திரைகளைப் பெருக்கும் ஆசை சினிமாவுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு இயக்குநர் ஏபெல் கான்ஸ் 1927இலேயே ‘நெப்போலியன்’ படத்தின் இறுதிப் பகுதியை மூன்று திரைகளில் விரித்துக் காட்டினார். 1958 பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக எழுப்பிய அரங்கில், எட்கார் வரேஸின் மின்னணு இசை 300க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள் வழியே வளைந்த சுவர்களெங்கும் ஓடியது. 1967இல் மான்ட்ரியல் கண்காட்சியில் ஐந்து திரைகளைச் சிலுவை வடிவில் அடுக்கிப் படம் காட்டினார்கள். இவையெல்லாம் பிரமிக்க வைத்தவைதான். ஆனாலும் பார்வையாளருக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. காட்டியதைப் பார்த்தார், ஒலித்ததைக் கேட்டார். கியார்டன்சனின் படைப்பு வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

படம்பிடித்த இடம் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ரோக்பி மாளிகை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 43 அறைகள், பழைய செல்வம் வற்றி, சுவர்கள் நிறம் மங்கிய வீடு. அங்கே எட்டு இசைக்கலைஞர்கள் ஆளுக்கோர் அறையில் அமர்ந்தார்கள். சிகுர் ரோஸ், மூம் ஆகிய ஐஸ்லாந்து இசைக்குழுக்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. காதில் மாட்டிய ஹெட்ஃபோன் வழியாக மட்டுமே அடுத்தவரின் வாசிப்பு கேட்கும். ஓர் அறையில் பியானோ, இன்னொன்றில் செல்லோ, வேறொன்றில் அக்கார்டியன், சமையலறையில் டிரம்ஸ். கியார்டன்சன் குளியல் தொட்டியில் நுரைத் தண்ணீருக்குள் கிடந்தபடி கிதார் வாசிக்கிறார். ஒன்பதாவது கேமரா திண்ணையைப் பார்க்கிறது. வீட்டாரும் நண்பர்களும் அங்கே கூடிப் பின்பாட்டுப் பாடுகிறார்கள். நடுவில் ஒரு சிறு பீரங்கியும் வெடிக்கிறது.

ஒன்பது கேமராக்களும் அசையாமல் நின்றன. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, எல்லாம் ஒரே டேக். யாராவது ஐம்பதாவது நிமிடத்தில் பெரிதாகப் பிசகியிருந்தால் ஒன்பது பதிவுகளும் வீணாகியிருக்கும்.

பாட்டின் வரிகள், கியார்டன்சனை மணந்து பின்னர் பிரிந்த கலைஞர் ஆஸ்டிஸ் சிஃப் குன்னார்ஸ்டோட்டிரின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தவை. இசையமைப்பில் தாவித் தோர் யோன்சனும் பங்கேற்றார். தலைப்பு, அபா குழு 1981இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர். மணமுறிவுகளின் நிழல் படிந்த தொகுப்பு என்பதால் பொருத்தம் தெளிவு. சில வரிகளே ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப வருகின்றன. தாளில் படித்தால் அவற்றில் பெரிய வியப்பு ஏதுமில்லை. தணிந்தும் உயர்ந்தும் அதே வரி நாற்பதாவது நிமிடத்திலும் வரும்போது கேட்பவருக்குத் தொண்டை அடைக்கிறது. திரும்பச் சொல்லுதல் இவருக்குக் கைவந்த கருவி: 2013இல் ‘தி நேஷனல்’ இசைக்குழுவை ஒரே பாட்டை ஆறு மணி நேரம் மேடையில் பாடவைத்தவர் இவர்.

கூடத்தில் ஒவ்வொரு திரைக்கும் அதற்கென்று ஒலிபெருக்கி உண்டு. செல்லோ தெரியும் திரையிலிருந்து செல்லோவும் அந்தக் கலைஞரின் குரலும் வரும். மற்றவை தத்தம் திரைகளிலிருந்து வரும். ஒன்பது ஒலிகளும் கூடத்தின் காற்றில்தான் கலக்கின்றன. கல்யாண மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவருக்கும் வாசலில் நிற்பவருக்கும் ஒரே மேளக்கச்சேரி வேறுவேறாகக் கேட்பதுபோல, இங்கே நிற்கும் இடத்துக்கேற்பப் பாட்டு மாறும். திறந்தவெளியில் ஒலி மூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும். சுவர்கள் எதிரொலிப்பதால் கூடத்துக்குள் அவ்வளவு குறையாது. அதனால்தான் கிதாரை நெருங்கும்போது கிதார் ஓங்கினாலும் மற்ற எட்டும் காணாமல் போவதில்லை. மூளையின் பழக்கம் ஒன்றும் இதற்குத் துணை: ஒரே ஒலி பல திசைகளிலிருந்து மிகச் சிறிய இடைவெளியில் வந்தால், முதலில் எட்டியது எந்தத் திசையோ அதையே ஒலியின் பிறப்பிடமாகக் காது எடுத்துக்கொள்கிறது. சாதாரணப் பாட்டுப் பதிவில் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் செய்யும் வேலையை இங்கே பார்வையாளரின் கால்கள் செய்கின்றன. படத்தொகுப்பும் அப்படியே. எதை, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை முடிவு செய்பவர் அவர்தான்.

இதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்டிப்பு இருந்தாக வேண்டும். தனித்தனியே ஓடும் இரண்டு வீடியோ கருவிகளின் கடிகாரங்கள் ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு விநாடி அளவுக்கு விலகக்கூடும். தனிப்படமாக ஓடினால் அது யாருக்கும் தெரியாது. டிரம்ஸ் ஒரு திரையிலும் பியானோ இன்னொன்றிலும் இருக்கும்போது அந்த விலகல் தாளத்தையே கெடுத்துவிடும். எனவே பல்திரைப் படைப்புகளில் எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரச் சமிக்ஞையில் கட்டுவது வழக்கம். கூடத்தின் அளவும் கணக்கில் வரும்: ஒலி 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 30 மில்லி விநாடி ஆகிறது. எனவே திரைகளைக் கண்டபடி தள்ளித்தள்ளி வைத்துவிட முடியாது.

முடிவுப் பகுதியில் கலைஞர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் அறையை விட்டு எழுகிறார்கள். திரைகளில் வெற்று அறைகள் மிஞ்சுகின்றன. எல்லோரும் ஓர் அறையில் கூடி, ஷாம்பெயின் திறந்து, பாடிக்கொண்டே திண்ணையைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கி நடந்து தூரத்தில் மறைகிறார்கள். கூடத்தில் அதுவரை சிதறி நின்ற பார்வையாளர்கள் பெரும்பாலும் அந்த ஒரே திரையின் முன் வந்து சேர்ந்துவிடுவார்கள். யாரும் அழைப்பதில்லை, ஒலி அங்கே போய்விட்டது, அவ்வளவுதான்.

முதலில் 2012இல் சூரிக் நகரின் மிக்ரோஸ் அருங்காட்சியகத்தில் இது காட்டப்பட்டது. 2019இல் பிரிட்டனின் ‘தி கார்டியன்’ நாளிதழ் 21ஆம் நூற்றாண்டின் சிறந்த கலைப்படைப்புகளின் பட்டியலில் இதற்கு முதலிடம் தந்தது. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகமும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஒரு பிரதியைக் கூட்டாக வைத்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸின் ‘தி பிராட்’ அருங்காட்சியகத்திடம் இன்னொன்று உள்ளது. பெரிய இருட்டுக்கூடம் தேவைப்படுவதால் இதை எப்போதும் காட்சியில் வைத்திருப்பதில்லை. அந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் காட்சிப் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிட்டு, 64 நிமிடத்தையும் முழுதாக ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.