ஹாரி பக்கும் உப்பளத்துக் கைப்பந்தும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள் வண்டியை நிறுத்திப் படமெடுப்பது, பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களையும் வரப்போரத்து வெண்குவியல்களையும்தான். மாலை வேளையில் வருவோர் இன்னொன்றையும் காணலாம். இரண்டு கம்பங்கள், நடுவே ஒரு வலை, இருபுறமும் பதின்ம வயதுப் பிள்ளைகள். நான் பிறந்து வளர்ந்த இந்தக் கடற்கரையில் கிரிக்கெட்டுக்கு ஈடுகொடுத்து நிற்கும் ஆட்டம், வாலிபால் எனப்படும் கைப்பந்து. அமெரிக்காவில் தோன்றிய ஆட்டம் உப்பளத்து ஓரம் வரை எப்படி வந்தது என்று தேடிப்போனால் எதிர்ப்படுகிறவர்களுள் முக்கியமானவர் ஹாரி குரோ பக். தமிழ்நாட்டில் பலர் கேள்விப்பட்டிராத பெயர் இது. ஆனால், நம் பள்ளிகளில் ‘பி.டி. மாஸ்டர்’ என்றொருவர் இருப்பதற்கு அடித்தளம் இட்டவர்களுள் அவரும் ஒருவர்.

கைப்பந்தை 1895இல் வில்லியம் மார்கன் உருவாக்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1891இல், ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியிருந்தார். இருவருமே ஒய்.எம்.சி.ஏ. அமைப்பைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர்கள். நைஸ்மித் பணிபுரிந்த ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் பிற்காலத்தில் பயின்றவர்தான் பக். 1919இல் இந்தியா வந்தார்; 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே எழுந்த முன்னோடி நிறுவனம் அது. பின்னர் அடையாற்றங்கரையில் நந்தனம் வளாகத்துக்கு இடம்பெயர்ந்து, கல்லூரியாக இன்றும் இயங்கிவருகிறது. 1943இல் மறையும் வரை பக்கின் வாழ்க்கை இந்த நிறுவனத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது.

அவர் வந்தபோது பள்ளிகளில் இருந்தது ‘டிரில்’. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் ஆணையிடுவார். பிள்ளைகள் வரிசையில் நின்று கைகால்களை அசைப்பார்கள். கீழ்ப்படிதலைக் கற்பிக்க அது போதும். விளையாட்டைக் கற்பிக்கப் போதாது. விளையாட்டைக் கற்பிப்பவர் ஓர் ஆசிரியராக இருக்க வேண்டும், உடலியக்கமும் குழந்தையின் மனமும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் மேல்தான் பக்கின் பயிற்சிப் பள்ளி எழுந்தது.

இன்னொரு கூறும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவரிடம் பயின்றவர் ஒரே விளையாட்டின் நிபுணராக வெளியே வருவதில்லை. தடகளம், கைப்பந்து, கூடைப்பந்து, சீருடற்பயிற்சி ஆகியவற்றோடு சடுகுடு போன்ற நம் மண்ணின் ஆட்டங்களும் பயிற்சியில் இடம்பெற்றன. பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து பக் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. கல்லூரியின் இதழுக்கு ‘வியாயாம்’ என்று இந்தியப் பெயரே சூட்டப்பட்டது. இந்தியர்களின் உடலைத் திருத்த வந்தவர்கள் என்ற மிஷனரி மிடுக்கு அந்தக் கால ஒய்.எம்.சி.ஏ. எழுத்துகளில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், உள்ளூர் ஆட்டத்தை இழிவென்று ஒதுக்காத நிதானமும் அங்கே இருந்தது.

பல விளையாட்டு தெரிந்த ஆசிரியர் ஏன் வேண்டும்? அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வேகமாக ஓடுகிறவர் ஐந்து பேர் இருப்பார்கள். ஓட்டம் மட்டுமே தெரிந்த பயிற்றுநருக்கு அந்த ஐந்து பேர்தான் கண்ணில் படுவார்கள். உயரமான பெண்ணுக்கு வலையருகே ஓர் இடம், கட்டையான பையனுக்குச் சடுகுடுவில் ஓர் இடம், எதற்கும் ஒத்துவராதவனுக்கு நடுவரின் ஊதல் என்று பார்த்துக் கொடுக்கப் பல ஆட்டங்களும் தெரிந்த ஒருவரால்தான் முடியும்.

1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அதன் வழியாக எட்டுத் தடகள வீரர்கள் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்வாயினர். தடை ஓட்டத்தில் பங்கேற்ற, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சி.கே.லட்சுமணனும் அவர்களில் ஒருவர். அணிக்கு மேலாளராகச் சென்றவர் பக். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. திரும்பிவந்த பின், பக்கும் ஒய்.எம்.சி.ஏ.வின் ஏ.ஜி.நோரனும் மாகாணந்தோறும் விளையாட்டு அமைப்புகள் உருவாகத் துணைநின்றனர். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தபோது தோராப்ஜி டாடா தலைவரானார், நோரன் செயலாளரானார்.

பதக்கத்தைக் கொண்டு அளந்தால் பக் தோற்ற பயிற்றுநர். இன்றும் நம் அளவுகோல் அதுதான். 1985இல் தொடங்கப்பட்ட துரோணாச்சாரியார் விருது, பன்னாட்டுப் போட்டிகளில் வென்றவர்களை உருவாக்கிய பயிற்றுநர்களுக்கு உரியது, அது தவறில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் ஒரு கிராமப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் களத்தில் இறக்கிய ஆசிரியரை அளக்க நம்மிடம் எந்தக் கோலும் இல்லை.

மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு, அவர்கள் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள்தானே என்று படித்தவர்களே கேட்டு நான் வியந்திருக்கிறேன். உப்பளத்து வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பாத்தியை மிதித்து இறுக்குவதும், வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றுவதும், கூடை சுமப்பதும் உடலின் சில பகுதிகளை மட்டும் ஆண்டுக்கணக்கில் தேய்ப்பவை. உப்புநீரில் பாதம் வெடிக்கும், கண் கூசும், இடுப்பு வளையும். உழைப்பு உடலைச் செலவழிக்கிறது. விளையாட்டு அதைச் சேர்த்து வைக்கிறது. தாயின் உடல் இப்படிச் செலவாவதைப் பார்த்து வளரும் பெண்பிள்ளைக்கு, தன் உடல் தாவவும் வீசவும் எதிராளியை ஏமாற்றவும் வல்லது என்று தெரியவருகிற இடம் பள்ளி மைதானம். பல வீடுகளில் அதற்கு வேறு இடமே கிடையாது.

சட்டம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால், அதற்கு முன் ‘பகுதிநேர’ என்றொரு சொல்லையும் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டும், மே மாதச் சம்பளம் கேட்டும் அவர்கள் ஆண்டுதோறும் வீதிக்கு வருகிறார்கள். செய்தித்தாள்களில் இரண்டு பத்திகளில் அது முடிந்துவிடுகிறது.

வாரத்தில் சில அரை நாட்கள் மட்டும் வந்துபோகும் ஒருவரால், எந்தப் பிள்ளைக்கு எந்த ஆட்டம் என்று கண்டறிய முடியாது. பிள்ளையின் பெயர் மனத்தில் பதியவே ஒரு பருவம் ஆகும். அவர் வராத நாட்களில் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது; தேர்வு நெருங்கினால் அவர் வந்த நாளிலும் போய்விடுகிறது. சீருடையும் பந்தும் வாங்கித் தருகிற திட்டங்களால் இது தீராது. பக் தன் வாழ்நாளைக் கொடுத்தது ஆசிரியர்களை உருவாக்கத்தான். அந்த வழியில் பயின்றவர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் வேலை தேடி நிற்கிறார்கள். முழுநேரப் பணியிடங்களைக் கட்டம் கட்டமாகத்தான் உருவாக்க முடியும் என்று அரசு கருதினால், முதல் கட்டத்தை உப்பள, மீனவக் கிராமங்களின் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து தொடங்கட்டும்.