விரல் எண்ணா, நோட்டின் பெயரா?

மேற்கத்திய முறையில் வயலின் பழகும் சிறு பிள்ளையிடம் "இப்போது வாசித்தது என்ன நோட்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "மூணாம் விரல்" என்றுதான் பதில் வரும். மோதிர விரல்தான் மூன்றாம் விரல். அதை டி தந்தியில் வைத்தால் ஜி, ஏ தந்தியில் வைத்தால் டி. வயலினில் வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள் இல்லை. அதனால் பல ஆசிரியர்கள் வண்ண டேப் ஒட்டி, விரலை எண்ணால் சொல்லித் தருகிறார்கள். பாட்டு சீக்கிரம் வந்துவிடும், பெயர் வராது. (சரளி வரிசையைப் பாடிக்கொண்டே வாசிக்கும் கர்நாடக மாணவருக்கு இந்தத் தொல்லை குறைவு.)

ஏ முதல் ஜி வரை ஏழே பெயர்கள். அவற்றைப் பதியவைக்கும் விளையாட்டுகளில் பழையது கைவிளையாட்டு. இடது கையைப் படுக்கைவாட்டில் நீட்டினால் ஐந்து விரல்களும், நோட்டுகளை எழுதும் ஸ்டாஃபின் ஐந்து கோடுகள். அடியில் சுண்டுவிரல் ஈ, அடுத்தது ஜி, பிறகு பி, டி, உச்சியில் கட்டைவிரல் எஃப். மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஏ தந்தியின் நோட் இருக்கிறது. ஆசிரியர் பெயர் சொல்ல, பிள்ளை அந்த இடத்தைத் தொட வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கீதோ என்ற துறவியின் பெயரால் வழங்கும் 'கை'யும் விரல் கணுக்களில் ஸ்வரங்களை அடுக்கியதுதான்.

எழுத்துகளைக் கோத்து 'கேபேஜ்' போன்ற சொற்களை நோட்டுகளாக எழுதும் விளையாட்டும் உண்டு. எனக்கு அதில் ஈடுபாடில்லை. பென்சில் ஓடும், வயலின் பெட்டியிலேயே கிடக்கும்.

வயலினே நடுவராக இருக்கும் விளையாட்டு வேறு. ஒரு பிள்ளை "ஜி" என்று சொல்லிவிட்டு டி தந்தியில் மூன்றாம் விரலை வைத்து வாசிக்கிறது. இன்னொரு பிள்ளை பக்கத்து ஜி தந்தியை உற்றுப் பார்க்கிறது. விரல் சரியான இடத்தில் விழுந்தால் வில் படாத அந்தத் தந்தியும் அதிரும். வாசித்த ஒலி சுமார் 392 ஹெர்ட்ஸ். ஜி தந்தியின் சுருதி அதில் பாதி, 196. பாதிச் சுருதியுள்ள தந்தி இரண்டு கூறாகப் பிரிந்து 392-இலும் அதிரக்கூடியது என்பதால் அந்த ஒலிக்கு எழுந்துவிடுகிறது. விரல் சற்று நகர்ந்தாலும் அதிர்வு அடங்கிவிடும். டி, ஏ, ஈ நோட்டுகளையும் இப்படிச் சோதிக்கலாம். பி, சி, எஃப் பெயர்களில் தந்தி இல்லை. அவற்றுக்குக் கைவிளையாட்டுதான் கதி.

வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன் நான்கு தந்திகளுக்கும் சுருதி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சரியாக வாசித்த பிள்ளைதான் தோற்கும்.