தோட்டாவுக்காகக் காத்திருந்த ரிவால்வர்

சுழலும் உருளையில் ஐந்தாறு குண்டுகளை அடைத்து அடுத்தடுத்துச் சுடும் யோசனை, 19-ஆம் நூற்றாண்டுக்கு வெகு முன்பே ஐரோப்பியத் துப்பாக்கிக் கொல்லர்களிடம் இருந்தது. அவர்களால் தாண்ட முடியாமல் போன தடை, வெடிமருந்தைப் பற்றவைப்பதுதான். தீக்கல் எஃகில் உரச வேண்டும். பறக்கும் பொறி வெளியே சிறு கிண்ணத்தில் கொட்டிய மருந்தில் விழ வேண்டும். அந்த நெருப்பு துளை வழியாக உள்ளே போய்ச் சேர வேண்டும். தூறல் விழுந்தாலே எல்லாம் கெட்டுவிடும். எலிஷா காலியர் 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற தீக்கல் ரிவால்வர், இந்தியாவில் பணியாற்றிய ஆங்கில அதிகாரிகள் சிலரின் கைக்கும் வந்தது. நேர்த்தியான வேலைதான், ஆனாலும் தீக்கல்லின் குறைகள் அதை விடவில்லை.

வழி திறந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத். பறவை வேட்டையில் ஆர்வமுள்ளவர். கிண்ண மருந்தின் பளிச்சொளியைக் கண்டதும் பறவைகள் குண்டு வருமுன்பே பறந்துவிடுவது அவரை உறுத்தியது. நெருப்பே இல்லாமல், அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் ரசாயனப் பொருளால் மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். 1820-களில் அந்தப் பொருள் சிறிய செப்புக் குப்பியில் அடைபட்டு ‘கேப்’ ஆயிற்று. தீபாவளிக்குச் சிறுவர்கள் சுடும் பொட்டு வெடியில் நடப்பதும் இதேதான். பொறியும் கிண்ணமும் ஒழிந்தன. உருளையின் ஒவ்வோர் அறைக்குப் பின்னாலும் ஒரு கேப்பைச் செருகினால் போதும் என்றாயிற்று.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தன் நாட்டில் காப்புரிமை பெற்ற ரிவால்வர் இந்த அடிப்படையில் எழுந்தது. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் உருளை ஓர் அறை அளவு சுழன்று, குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்ளும். நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் அவர் தொடங்கிய தொழிற்சாலை 1842-இல் மூடப்பட்டது. ஆனால் டெக்சஸ் எல்லையில் குதிரைமேல் சண்டையிட்ட காவல்படையினர் அந்தத் துப்பாக்கியின் அருமையை உணர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான சாமுவேல் வாக்கரின் யோசனைப்படி 1847-இல் ஒரு புதிய ரிவால்வர் உருவாயிற்று. அதன் எடை ஏறத்தாழ 2 கிலோ. அமெரிக்க அரசு 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுக்க, கோல்ட் மறுபடியும் எழுந்து நின்றார்.

இந்த ரிவால்வர்களுக்கு மருந்து ஏற்றுவது பெரும்பாடு. ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் இறுக்கி, கடைசியில் பின்புறம் கேப்பைப் பொருத்த வேண்டும். ஆறு அறைக்கும் இதே வேலை. ஓர் அறையின் தீப்பொறி பக்கத்து அறைக்குத் தாவினால் பல அறைகள் ஒரே நேரத்தில் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் குண்டின்மேல் கொழுப்பைப் பூசினார்கள். மருந்தையும் குண்டையும் சேர்த்து மெல்லிய காகிதத்தில் சுற்றிய தோட்டாக்கள் வேலையைக் கொஞ்சம் குறைத்தன. சண்டையின் நடுவே மறுபடி நிரப்ப நேரம் கிடைக்காது என்பதால் பலர் இரண்டு ரிவால்வர்களை வைத்துக்கொண்டார்கள்.

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோல்ட்டுக்கு எதிராக ஆங்கிலத் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் ஆடம்ஸ் நின்றார். கோல்ட்டின் பலம் இயந்திர உற்பத்தி: ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆடம்ஸின் பலம் கட்டமைப்பு: உருளைக்கு மேலும் இரும்புச் சட்டம் ஓடியதால் உறுதி அதிகம், விசையை இழுத்தாலே உருளை சுழன்று சுத்தியலும் விழும். ஃபிரெடெரிக் போமான்ட் 1856-இல் செய்த திருத்தத்தால், விரும்பினால் சுத்தியலைக் கையால் இழுத்தும் சுடலாம் என்றாயிற்று. கோல்ட்டின் பெயர் பரவினாலும், பிற்கால ரிவால்வரின் எலும்புக்கூடு ஆடம்ஸுடையது என்றே சொல்ல வேண்டும்.

உண்மையான திருப்பம் உலோகத் தோட்டாவால் வந்தது. குண்டு, மருந்து, பற்றவைக்கும் பொருள் மூன்றும் ஒரே உறைக்குள் அடங்கின. அதைவிட முக்கியமான ஒன்று: வெடிக்கும்போது உறை ஒரு கணம் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடும். பிரான்சின் லெஃபோஷே குடும்பம் பக்கவாட்டில் ஊசி நீட்டிய தோட்டாவை உருவாக்கியது. அதற்கான ரிவால்வரை 1858-இல் பிரெஞ்சுக் கடற்படை ஏற்றது. நீட்டிய ஊசி தவறி அடிபட்டால் வெடிக்கும் என்பது அதன் குறை. அடுத்து வந்த தோட்டாவில் ஊசிக்குப் பதில் உறையின் விளிம்புக்குள் வெடிபொருள் இருந்தது. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் வெளியிட்ட ஏழு அறைச் சிறு ரிவால்வர் அந்த வகைதான்.

அதற்குள் ஒரு காப்புரிமை குறுக்கே நின்றது. தோட்டாவைப் பின்பக்கமிருந்து செருக வசதியாக, உருளையின் அறைகளை முன்னிருந்து பின்வரை முழுத்துளையாகக் குடையும் முறைக்கு ரோலின் வைட் என்பவர் 1855-இல் அமெரிக்காவில் உரிமை பெற்றிருந்தார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் துப்பாக்கிக்கு 25 சென்ட் கொடுத்து அதைத் தன் வசமாக்கியது. 1869-இல் அது காலாவதியாகும்வரை அமெரிக்காவில் மற்றவர்கள் கை கட்டப்பட்டிருந்தது. உலோகத் தோட்டா கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அந்நாட்டு உள்நாட்டுப் போரில் பெரும்பாலான வீரர்கள் கருமருந்தைக் கொட்டி இடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விளிம்புத் தோட்டாவுக்கு ஓர் எல்லை இருந்தது. சுத்தியல் அடித்து நசுக்க விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உறை பெரிய மருந்தளவைத் தாங்காது. அடிப்பாகத்தின் நடுவில் தனி கேப்பைப் பொருத்தி இதைத் தீர்த்தார்கள். 1860-களில் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்காவின் ஹைரம் பெர்டானும் தனித்தனியே உருவாக்கிய கேப் வகைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. விசித்திரம் என்னவென்றால், பாக்ஸரின் முறை அமெரிக்காவிலும் பெர்டானின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றின.

கனமான தோட்டா சாத்தியமானதும் பெரிய ரிவால்வர்கள் வந்தன. ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் 1870 மாடலை நடுவில் மடித்துத் திறந்தால் எல்லா உறைகளும் ஒரேயடியாக வெளியே தள்ளப்படும். அதைப் பெருமளவில் வாங்கிய ரஷ்யா ஒரு மாற்றம் கேட்டது: உறைக்கு வெளியே அழுக்கேறிய கொழுப்புப் பூச்சோடு நின்ற குண்டின் பகுதி, கொழுப்போடு உறைக்குள் அடங்க வேண்டும். இன்றுவரை பெரும்பாலான தோட்டாக்கள் அப்படித்தான் இருக்கின்றன. குண்டு உறைக்குள் புகுந்ததால் அதன் விட்டம் குறைந்தது. பழைய பெயர் மட்டும் நிலைத்தது. .38 என்னும் தோட்டாவின் குண்டு உண்மையில் 0.357 அங்குலமே. 1873-இல் கோல்ட் நிறுவனம் .45 ரிவால்வரை வெளியிட்டது. அதில் உறைகளை ஒவ்வொன்றாகத்தான் தள்ளி எடுக்க வேண்டும். ஆனாலும் எளிமையாலும் உறுதியாலும் நீடித்தது.

நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் மீதிக் குறைகளும் தீர்ந்தன. பர்மிங்ஹாமின் வெப்லி நிறுவனம் செய்த மடிப்பு ரிவால்வரை 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது. 1889-இல் கோல்ட் நிறுவனம் உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் அமைப்பைக் கொண்டுவந்தது. சட்டம் இரண்டாக மடியாமல் முழுதாக நின்றதால் வலுவான தோட்டாக்களையும் அது தாங்கியது. பிரான்சின் பால் வியெல் 1884-இல் கண்ட புகையற்ற வெடிமருந்து, கருமருந்தின் புகையையும் குழலை அடைக்கும் கசடையும் ஒழிக்கத் தொடங்கியது. 1896-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் உருளை சாயும் தன் முதல் ரிவால்வரோடு .32 நீளத் தோட்டாவை வெளியிட்டது. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை உரிமம் பெற்றவர்களுக்காகத் தயாரித்துவரும் .32 ரிவால்வர், வெப்லியின் மடிப்பு அமைப்பில், அந்த 1896-ஆம் ஆண்டுத் தோட்டாவையே சுடுகிறது.