வைரம் பாய்ந்த பலாவும் வீட்டு மேசையும்

அண்ணாகிராமம் ஒன்றியத்தையும் அண்டையிலுள்ள பண்ருட்டியையும் எண்ணும்போதே பலா நம் நினைவுக்கு வருகிறது. பழத்தின் விலையை நாம் நன்கறிவோம். மரத்தின் மதிப்பை அவ்வளவாக அறிந்தோமில்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பலாவையும் முந்திரியையும் பெருமளவில் சாய்த்தது. சாய்ந்த பலா விறகு விலைக்குப் போனால் உழவருக்குப் பழமும் இல்லை, மரத்தின் பயனும் இல்லை. அது நல்லதொரு மேசையாவதற்குச் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, அறுப்பு. பலாவின் வைரப் பகுதி மஞ்சள் நிறமுடையது, நாளடைவில் பழுப்பேறும். வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரிக்குமாதலால் அதனை நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, உலர்த்தல். பலகைகளின் இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசி, இடையிடையே குச்சிகள் வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்குதல் வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. இதில் அவசரம் கூடாது.

மூன்றாவது, பிணைப்பு. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை. அகலவாக்கிலேயே சுருங்கி விரிகிறது. ஆகவே மேற்பலகையைச் சட்டத்தோடு ஆணியால் இறுக்கினால் வெடிப்பு உண்டாகும். கால்களையும் சட்டங்களையும் கழுந்தும் துளையுமாகப் பிணைத்து, மேற்பலகை சற்றே நகர இடம் விட்டுப் பொருத்துவதே முறை.

இக்காலத்து மரவேலையில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா, 1937 முதல் 1939 வரை நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் தங்கி, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டட வேலையை மேற்பார்த்தார். அதற்குரிய மரச்சாமான்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் செய்த மேசைகளில் மரத்தின் இயற்கை விளிம்பை அப்படியே விட்டார். வெடிப்பை மறைக்காமல், உடுக்கை வடிவ மரத்துண்டு பதித்து, மேலும் விரியாமல் தடுத்தார். குறையுள்ள பலகையும் விலை பெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

புயலுக்குப் பின் வியாபாரி வருமுன்னரே ஊராட்சி உறுப்பினர்கள் முந்திக்கொள்ள வேண்டும். பருத்த அடிமரங்களை விறகிலிருந்து பிரித்தெடுத்து, பலகை உலர்த்தப் பொதுக் கொட்டகை ஒன்று அமைத்து, உள்ளூர்த் தச்சர்களைக் கலந்து வேலையைத் தொடங்கலாம். முதல் மேசை ஊர்ப் பள்ளிக்கே செல்லட்டும். பாட்டன் நட்ட மரத்தின்மேல் பேரன் புத்தகம் விரித்துப் படிப்பதைக் காட்டிலும் அம்மரத்துக்கு வேறென்ன பெருமை வேண்டும்?